கோல் விழுந்தால்தான் ஓட்டு

எங்கள் அண்ணி நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் சான்றிதழ் கொடுப்பதுதான் வேலை. "அந்த ரெண்டையும் நான் பாத்துக்கறேன். நடுவுல நடக்கறதைப் பாக்கத்தான் மைதானத்துக்குப் போறேன்" என்பார். விதி என்றால் அண்ணிக்கு விதிதான். ஒரே ஒரு எழுத்துப் பிழைக்காக ஒரு அமைச்சரின் மச்சானைத் திரும்பத் திரும்ப அலைய விட்டவர். ஆனால் கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்று கத்த ஆரம்பித்தால் அதே அண்ணியை அடக்க ஆள் கிடையாது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அண்ணிக்குக் கால்பந்து என்றால் எட்டிக்காய். "இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு அடிச்சிக்கறாங்களே, ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தா என்ன?" என்று கேட்டவர்தான். மகள் வந்து எல்லாவற்றையும் மாற்றினாள். நடக்கத் தெரிவதற்கு முன்பே ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு நின்றதால் அவளுக்கு நான் வைத்த பெயர் பல்லி. இன்றைக்கு ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது, பள்ளிக்கூட ஆசிரியர்கள் உட்பட. சுவரில் தாவியவளைக் கோல்போஸ்டில் நிற்க வைத்தது மேட்டுத்தெரு மகளிர் அணி.

நிற்க வைத்தது என்று நான் சொல்வது பயிற்சியில் மட்டும். இந்த வருஷம் முழுக்க அவள் மாற்று கோல்கீப்பர். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அண்ணி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகளைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு வருவார். எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாத்தான் உக்காந்தா" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் மனசு என்ன பாடுபட்டது என்று எனக்குத் தெரியும்.

இறுதி ஆட்டம் துறைமுக அணியோடு. மழையால் ஒருமுறை தள்ளிப் போனது. பிறகு மைதானமே கிடைக்கவில்லை. சட்டமன்றத் தேர்தல் நேரம், தினம் ஒரு கட்சி மேடை போட்டுப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மைதானம் சும்மா கிடக்கும் ஒரே நாள் வாக்குப்பதிவு நாள் என்று யாரோ ஒரு மகராசன் கண்டுபிடித்தான். ஆட்டத்தை அன்று சாயங்காலம் வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் முதல் கோல்கீப்பருக்குக் கணுக்கால் பிசகியது. பல்லி இறங்குகிறாள் என்று செய்தி வந்தது. அண்ணிக்குத் தேர்தல் பணி என்று உத்தரவும் அதே நாளில்தான் வந்தது. வாக்குச்சாவடியில் விரலுக்கு மை வைக்கும் வேலை.

"பெஞ்சுல உக்காந்ததை எல்லாம் பாத்தேன், தம்பி. ஆடறதை மட்டும் பாக்க முடியாதுன்னா இது என்ன நியாயம்?" என்று என் கடை வாசலில் நின்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த டியூபைப் பிய்த்திருப்பேன். அது வாடிக்கையாளருடையது என்பதால் விட்டேன்.

என் கடை பஞ்சர் கடை. அடுக்கி வைத்த பழைய டயர்கள்தான் நாற்காலி. மேட்டுத்தெரு அணியின் ரசிகர் மன்றம் என்று தனியாக இடம் கிடையாது, அந்த டயர்கள்தான். பத்துப் பேர் கூடுவோம். பந்து விஷயத்தில் பத்துப் பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அரசியல் என்று வந்துவிட்டால் ஐந்து பேர் ஆளும் குடைக் கட்சி, ஐந்து பேர் எதிர்க்கட்சியான ஏணிக் கட்சி. நான் ஏணி. ஓட்டுரிமை வந்த நாள் முதல் ஏணி. குடைக்காரர்களுக்குத் தலைவன் மீட்டர். மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன், வாயும் அதே வேகத்தில் ஓடும். எங்கள் பக்கம் மூத்தவர் பேக்கரி மாமா. ஊருக்கே மாமா.

தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் கடையில் அனல் பறந்தது.

"துறைமுகத்துக்காரிங்க ஒன்பதாம் நம்பரைப் பிடிச்சிட்டா போதும், ஜெயிச்சிடலாம்" என்றார் மாமா.

"உங்க கட்சி வேட்பாளரைப் பிடிக்க முடிஞ்சுதா மாமா? போன வாரம் எங்க மேடையில, முந்தாநாள் உங்க மேடையில. நாளைக்கு எங்கேன்னு அவருக்கே தெரியாது" என்றான் மீட்டர்.

"அஞ்சு வருஷம் ஆண்டீங்களே, மைதானத்துக்கு ஒரு கழிப்பறை கட்டினீங்களாடா?" என்று நான் எகிறினேன்.

"அடிக்கல் நாட்டியாச்சு மச்சான்!"

"அந்தக் கல்லு மேலதானே எல்லாரும் போறாங்க!"

டயர்கள் குலுங்கச் சிரித்தோம். மீட்டரும்தான். அவனுக்கு இன்னொரு வருத்தம் இருந்தது. எங்கள் அணியின் நிறமும் குடைக் கட்சியின் நிறமும் ஒரே மஞ்சள். மஞ்சள் சட்டையோடு மைதானத்துக்கு வந்தால் பிரசாரம் என்று பிடிப்பார்களாம். "கட்சியைக்கூட மாத்திக்கலாம், சட்டையை எப்படி மாத்தறது?" என்று புலம்பினான்.

அந்த நேரத்தில் அண்ணி வந்தார். அவருக்கு வேறு ஊர் போட்டிருந்தார்களாம். ஒருவர் வராமல் போனதால் எங்கள் வார்டுப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றிவிட்டார்கள். என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். நாங்கள் பத்துப் பேரும் ஓட்டுப் போடுவது அங்கேதான்.

"ஃபோனை ஒளிச்சு வச்சுக்கோங்க அண்ணி" என்றேன்.

"கூடாது."

"சரி, நான் வாசல்ல நின்னு விரலைக் காட்டறேன்."

"சைகை கூடாது. பேச்சும் கூடாது." கொஞ்சம் யோசித்தார். அமைச்சரின் மச்சானைத் திருப்பி அனுப்பிய அதே முகம் வந்தது. "ஆனா ஓட்டுப் போட வரது உங்க உரிமை. எத்தனை மணிக்கு வரீங்கங்கறது உங்க இஷ்டம். அதை எந்த விதியும் கேக்காது. பத்துப் பேரும் காலையில போடாம வைங்க. நம்ம பக்கம் ஒரு கோல் போட்டா குடைக்காரர் ஒருத்தர் வரட்டும். அவங்க பக்கம் கோல் போட்டா ஏணிக்காரர் ஒருத்தர் வரட்டும். நான் மை வச்சிட்டு என் வேலையைப் பாப்பேன்."

கடையே வாயைப் பிளந்தது. எனக்குத்தான் சுருக்கென்றது.

"அதெப்படி அண்ணி? நாங்க வந்தா கெட்ட சேதியா?"

"நீங்கதானே எதிர்க்கட்சி, எதிரணிக்கு நீங்கதான் பொருத்தம்" என்று மீட்டர் துள்ளினான்.

"தம்பி, பல்லி கோல் விடமாட்டான்னு நம்பறீங்களா இல்லையா?" என்றார் அண்ணி.

"சத்தியமா நம்பறேன்."

"அப்ப உங்களுக்கு என்ன கஷ்டம்?"

கஷ்டம் என்ன என்று அடுத்த நாள்தான் புரிந்தது.

ஆட்டம் நாலு மணிக்கு. அண்ணன் காலையிலேயே ஓட்டைப் போட்டுவிட்டு, கோல்போஸ்டுக்குப் பின்னால் அண்ணி நிற்கும் இடத்தில் போய் நின்று, ஃபோனில் எங்களுக்கு வர்ணனை செய்தார். அண்ணனுக்குப் பந்தாட்டத்தில் தெரிந்தது எல்லாம் மகளின் முகம்தான். "பல்லி குதிச்சா! பல்லி விழுந்தா! எழுந்துட்டா! முட்டியில மண்ணு!" என்பார். பந்து எங்கே என்று பத்துப் பேரும் கத்துவோம். "அதைப் பாக்கலையேடா" என்பார்.

இடைவேளை வந்தது. கோல் இல்லை. பேக்கரி மாமா டயரிலிருந்து மெல்ல எழுந்தார். "டேய், கோலே விழலைன்னா நாம எப்படா ஓட்டுப் போடறது?"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பல்லி நன்றாக ஆடினால் ஏணிக்கு ஐந்து ஓட்டு போச்சு. எங்கள் பெண்கள் கோல் போடாவிட்டால் குடைக்கும் ஐந்து போச்சு. யாராவது உள்ளே போனால் அண்ணி நெஞ்சில் தப்பான செய்தி போய்ச் சேரும். பத்து ஓட்டும் பத்துச் சட்டைப்பையில் கிடந்தன. ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது.

ஐந்து மணிக்கு ஊர் பரபரத்தது. இரண்டு கட்சிக்கும் உயிரைக் கொடுக்கும் ஆட்களே ஓட்டுப் போடவில்லையாம்! குடை வட்டச் செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்து, மீட்டரை ஏணிக்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று சண்டை போட்டார். எங்கள் வட்டச் செயலாளர் என்னைப் பார்த்து அதையே சொன்னார். பிறகு இருவரும் சேர்ந்து, நாங்கள் ஏதோ கோரிக்கைக்காகப் புறக்கணிக்கிறோம் என்று முடிவு கட்டினார்கள். ஜீப் வந்தது. தேர்தல் அதிகாரி இறங்கினார்.

"உங்க கோரிக்கை என்ன? ரோடா? தண்ணியா?"

மாமாவுக்குப் பொய் வராது. "கோல் விழலைங்க சார்" என்றார்.

அதிகாரி எங்களைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். "பல்லி பறந்தாடா!" என்று அதற்குள்ளிருந்து அண்ணன் அலறினார். "யார் யாருக்கு ஆட்டம்?" என்று கேட்டுக்கொண்டே அதிகாரி ஒரு டயரில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் இன்னொரு டயரைப் பிடித்தான்.

ஆட்டம் கோலில்லாமலே முடிந்தது. கூடுதல் நேரம் கிடையாது, வெளிச்சம் போய்விடுமாம். நேராகப் பெனால்டி. ஆளுக்கு ஐந்து அடி. முதல் அடி எங்களுக்கு.

"கோல்!" என்றார் அண்ணன். ஒரு குடைக்காரன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினான். துறைமுகமும் போட்டது. எங்களில் ஒருவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடினான். குடை, ஏணி, குடை, ஏணி. தெருவில் பார்த்தவர்கள் ஓட்டுக்காக இப்படி உயிரை விடும் ஊரைக் கண்டதே இல்லை என்றார்கள். நாலாவது அடியும் பல்லியைத் தாண்டிப் போனபோது மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எங்கள் ஐந்தாவதும் உள்ளே போனது. மீட்டர் ஒரே பாய்ச்சல்.

கடையில் மிஞ்சியது நான், அதிகாரி, ஓட்டுநர், காதில் ஃபோன். ஐந்துக்கு நாலு. துறைமுகத்தின் கடைசி அடி. என் ஓட்டுக்கான அடி. ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு ஃபோனில் பெரிய இரைச்சல். அண்ணன் குழந்தை மாதிரி விம்மி அழுதார். "பிடிச்சிட்டாடா! பிடிச்சிட்டா! வயித்தோட சேத்துக் கட்டிப் பிடிச்சிட்டா!"

நான் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்காதீர்கள், கால் ஓடியது. பள்ளிக்கூட வாசலில் காவலர் இரும்புக் கேட்டில் கை வைத்து நின்றிருந்தார். உள்ளே வரிசையில் மாமா, அவருக்குப் பின்னால் கடைசியாக மீட்டர்.

"வாங்க சார், மூடப் போறேன்" என்றார் காவலர். ஒரு காலை உள்ளே வைத்தால் போதும். என் கட்சி, என் ஓட்டு, ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. ஆனால் அந்தக் கால் உள்ளே போனால் அண்ணியின் கண்ணுக்கு அது ஐந்தாவது கோல். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அப்படியே நின்றேன். கேட் மூடியது.

ஆறு மணி அடித்ததும் வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க அண்ணி வெளியே வந்தார். கடைசி ஆளிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. மீட்டரிடம் சீட்டைக் கொடுத்தார். முகம் வெளிறியிருந்தது. மீட்டருக்குப் பின்னால் யாருமில்லை. நிமிர்ந்து பார்த்தார். கம்பிக்கு வெளியே நான்.

காவலர் பக்கத்திலேயே இருந்தார். அண்ணி அதிகாரிக் குரலில் கேட்டார். "நீங்க ஓட்டுப் போடலையா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"தேவைப்படலைங்க."

அண்ணியின் கையிலிருந்த சீட்டுகள் எல்லாம் கீழே கொட்டின. கேட்டுக் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், எது எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்கும் கண்ணில் தாரை தாரையாக ஊற்றியது, கொஞ்சமும் வெட்கமில்லை. காவலர், ஓட்டுப் போடாததற்கு இவ்வளவு அழுகையா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையிலிருந்து பேக்கரி மாமா எட்டிப் பார்த்தார். "அம்மாடி, எனக்கு ஒரு சீட்டைக் குடுத்துட்டு அப்புறம் அழும்மா. ஏணிக்கு ஏற்கெனவே ஒரு ஓட்டு போயிடுச்சு."