மோர் ஊற்றி அணைத்த கார்

கல்யாணத்துக்கு முன் பார்த்த பத்துப் பொருத்தத்தில் எனக்கும் என் மனைவிக்கும் பாதிகூடத் தேறவில்லை. சோசியர் மென்று விழுங்கித்தான் சரி சொன்னார். பொருந்தியது எதுவென்று பின்னால்தான் தெரிந்தது. ரத்தம். இரண்டு பேருக்கும் லேசில் கிடைக்காத அதே நெகட்டிவ் வகை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நல்லபடி முடிந்ததென்று, மாங்காய் லோடு ஏற்ற நான் கேரளத்து முதலமடையில் இருக்கும் என் மண்டிக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அவளுடைய அண்ணனிடமிருந்து போன். எதற்கும் பதறாத மனிதர்.

"மாப்ளே, ரத்தம் நிக்க மாட்டேங்குது. எடுத்து வெச்ச பாட்டிலும் ஏத்தியாச்சு. வேற எங்கயும் கிடைக்கலீங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்."

பொள்ளாச்சி வழிதான் கிட்டம். அதில் மாங்காய் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், நாலுவழிச் சாலையில் பறந்துவிடலாம் என்று பாலக்காடு பக்கம் சுற்றினேன். பறக்கவும் செய்தேன். கஞ்சிக்கோடு தாண்டியதும் கார் விக்கியது, பானெட்டில் புகை கிளம்பியது, நின்றுவிட்டது.

தண்ணீரைத் தேடினேன். கையில் அகப்பட்டது மோர். அவளுக்காகத் தூக்குப்போசியில் கொண்டுபோனது. முழுவதையும் எஞ்சின்மேல் கவிழ்த்தேன். புகை அடங்கியது. பேட்டரிமேல் கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

நடுரோட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு லாரியும் நிற்கவில்லை. ஒரு பஸ் டிரைவர் மட்டும் திருப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். சாலையோரப் பலகையிலிருந்த உதவி எண்ணுக்கு அழைத்து என்ன உளறினேனோ தெரியாது. வைத்ததும் மச்சான் கூப்பிட்டார்.

"எங்க வர்றீங்க மாப்ளே?"

"கிட்ட வந்துட்டனுங்க" என்றேன். அவள் இருந்த கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மாநிலமே மாற வேண்டியிருந்தது.

ரோந்து வண்டியில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். பெரிய மீசைக்காரர், மலையாளி. "பைசா ஒண்ணும் வேண்டா சாரே, ஃப்ரீயாணு" என்றார். அந்த ஒரு சொல் போதும். இந்தச் சாலையில் காரை மறித்துப் பறிப்பார்கள் என்று கேட்ட கதையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. காருக்குள் பாய்ந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். நானே போன் செய்து வரவழைத்த ஆட்கள் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. மீசைக்காரர் கண்ணாடிக்கு வெளியே தன் சட்டையில் எழுதியிருந்த 'ஹைவே பேட்ரோல்' என்பதைப் பிள்ளைக்குப் பாடம் காட்டுவதுபோல் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

பானெட்டைத் திறந்தவர் மோப்பம் பிடித்தார். "இது எஞ்சினோ, மோர்க்குழம்போ?"

மாம்பழப் பெட்டிக்குப் போடுகிற வைக்கோல் உள்ளே கூடாகக் கிடந்தது. சீசன் முழுக்க மண்டியில் நின்ற காரில் ஓர் எலி குடியேறி, வயரையும் கடித்திருக்கிறது.

"இங்கே சரியாக்க முடியாது சாரே. டோல்கேட்டுக்கு இழுத்துப் போகலாம்."

"காரு எப்படியோ போகட்டுமுங்க. எம்பொண்டாட்டிக்கு ரத்தம் வேணும். அது இதுக்குள்ள இருக்குது" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டாளியைக் காரோடு நிறுத்திவிட்டு என்னை வண்டியில் ஏற்றினார். அவர்களுடைய எல்லை வாளையார் பாலம் வரைதான். ஓட்டிக்கொண்டே யார் யாரிடமோ போனில் பேசினார். பாலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்து ரோந்து வண்டி கோவையைப் பார்த்துத் தயாராக நின்றது.

"இதா சரக்கு. உடையாம கொண்டு போங்க" என்று என்னை இறக்கி, ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பிரஷர் எகிறி நிக்குதுங்க ஐயா. இப்ப ரத்தம் எடுக்க முடியாது. அமைதியா உக்காருங்க."

அமைதியாக! கண்ணை மூடினேன். எங்கோ ஒரு தள்ளுவண்டி ஓடுகிற சத்தம். அது அவளைக் கொண்டுபோகிற வண்டிதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுபடி பார்த்தார்கள், முன்னைவிட ஏறியிருந்தது. மச்சான் என் தோளில் கை வைத்தார். அவளுக்கு வேண்டியது எனக்குள் நிறைய இருக்கிறது. என் பயமே அதைப் பூட்டி வைத்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் கோமாளித்தனம் செய்தவனுக்கு அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை.

போன் அடித்தது. மீசைக்காரர்.

"சேச்சிக்கு எப்படி சாரே?"

"இன்னும் எடுக்கவே இல்லீங்க" என்றேன்.

அவர் பேச்சை மாற்றினார். "வண்டி டோல்கேட்ல பத்திரமா இருக்கு. வயரைக் கடிச்ச கள்ளனும் உள்ளதான் இருக்கான். உங்க சீட்டுல உக்காந்து மாம்பழம் தின்னான். நான் கண்ணாடியைத் தட்டினேன். உங்களை மாதிரிதான் முழிக்கறான் சாரே. கதவைப் பூட்டலை, அவ்வளவுதான் வித்தியாசம்."

சிரித்தேன். அடக்க முடியாத சிரிப்பு. பாதியில் அது அழுகையாக மாறியது, அதையும் அடக்கவில்லை. எப்போது ஓய்ந்தேனோ, நர்ஸம்மா சொல்லாமலே வந்து பட்டையைச் சுற்றியிருந்தார்.

"இப்பப் பரவால்லீங்க. கையை நீட்டுங்க."

மறுநாள்தான் அவள் தெளிந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டாள். முடித்ததும், காற்றுப்போன குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மோர் பூராத்தையுமா ஊத்துனீங்க?"