கர்நாடக மாநிலம் எதிர் சம்பங்கி

கோலார் தங்கச் சுரங்கத்தில் மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த சம்பங்கி, கணவன் இறந்தபின் பதினோரு வருஷமாக ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இட்லி வண்டி போட்டுவந்தாள். வாய் நீளம், கோபத்துக்கோ அளவே கிடையாது. 1996இல் ஒருநாள், வண்டியை நகர்த்தச் சொன்ன நகராட்சி இன்ஸ்பெக்டர் ராஜப்பாவின் தலையில் ஒரு சொம்பு சாம்பாரைக் கவிழ்த்துவிட்டாள். நல்லவேளை, ஆறிப்போன சாம்பார்.

அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு. சம்மனில் 'கர்நாடக மாநிலம் எதிர் சம்பங்கி' என்றிருந்தது.

"பீதர்லருந்து கோலார் வரிக்கும் அத்தினி பேரும் எம்மேலயா?" என்றாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மூன்று வாய்தாவில் பெருமை கரைந்தது. ராஜப்பாவோ வேறு கடையில் தின்று வயிறு கெட்டு, மறுபடி அவளிடமே தட்டு நீட்டினார். இருவரும் சேர்ந்துபோய் அரசு வக்கீல் வினயிடம் கேஸை வாபஸ் வாங்கச் சொன்னார்கள்.

"புகார் குடுத்ததோட உங்க வேலை முடிஞ்சுது சார். கேஸ் இப்போ சர்க்காரோடது," என்றார் வினய்.

"அப்போ சர்க்காரையே கேக்கறேன்," என்றாள் சம்பங்கி.

மறுநாள் காலை ரயிலில் பெங்களூர் போனாள். மாநிலத்தின் அரசு வக்கீல்களுக்கெல்லாம் தலைவரான டைரக்டரின் அறைவாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள்.

"ஊத்தினீங்களா?" என்று டைரக்டர் கன்னட வாடைத் தமிழில் கேட்டார்.

"ஊத்தினேன் சாமி. அவருக்கே கோவம் போயிடுச்சி. மாநிலத்துக்கு இன்னா கோவம்?"

"தண்டனை வாங்கித் தர்றது மட்டும் எங்க வேலை இல்லம்மா. எந்தக் கேஸை விடணும்னு பாக்கறதும்தான். ஆனா வாபஸ் வாங்குன்னு நான் உத்தரவு போட முடியாது. உங்க ஊர் வக்கீல் தானா யோசிக்கணும், கோர்ட்டும் ஒத்துக்கணும்."

"அவ்ளோ பெரிய நாற்காலில உக்காந்துகினு முடியாதுன்றீங்களே. அவரைக் கொஞ்சம் யோசிக்கவாவது சொல்லுங்க. அதுக்கு அதிகாரம் இருக்குதா?"

கதவோரம் நின்ற டவாலி சேவகன் அவளை வெளியே வரச்சொல்லிச் சைகை காட்டினான். டைரக்டர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். "அது இருக்கு."

வழக்கைப் படித்துக் கருத்து எழுதும்படி பத்து நாளில் வினய்க்குக் கடிதம் வந்தது. அவர் அன்றுதான் வழக்குக் காகிதக் கட்டை முழுதாகப் படித்தார். காயம் இல்லை. ஐந்து சாட்சிகளில் மூவர், நடந்ததைவிட இட்லியைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருந்தார்கள். பொதுநலன் கருதி வாபஸ் மனு போட்டார். மாஜிஸ்திரேட் ஐந்து நிமிடத்தில் அனுமதித்தார்.

சம்பங்கி கூண்டைவிட்டு இறங்கவில்லை. மாநிலத்தைக் கேட்க நாலு கேள்வி மனப்பாடம் செய்திருந்தாள்.

"போங்கம்மா, முடிஞ்சிச்சு," என்றார் வினய்.

"நான் ஜெயிச்சனா, அவங்க தோத்தாங்களா சார்?"

"ரெண்டும் இல்லம்மா."

வெளியே ராஜப்பா நின்றிருந்தார். அந்த நாலு கேள்வியையும் அவரிடமே கேட்டுத் தீர்த்தாள். மாநிலத்தின் சார்பில் அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.