ஆமென் சொல்லாமல் எழுந்து போனவர்

ஐரோப்பாவில் யுத்தம் நடந்த காலம். எங்கள் சபையில் ஒருவர் இருந்தார். மரப்பட்டறையில் மிஞ்சும் தேக்கு, வேங்கைத் துண்டுகளை இரும்புப் பீப்பாயில் மூடிச் சூடேற்றி, வரும் புகையைக் குளிரவைத்துக் காடி என்னும் புளித்த அமிலநீரை இறக்குவது அவர் வேலை. புருவம் கருகியிருக்கும். ஆராதனைக்குத் தவறாமல் வருவார். ஆனால் யுத்தம் ஓயவேண்டும் என்று போதகர் ஜெபிக்கத் தொடங்கியதும் பைய எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு ஞாயிறு பின்னாலேயே போனேன். "என்னவே, பொகைநாத்தத்துக்கு வெட்கமா? கர்த்தர் மூக்கைப் பொத்தமாட்டார்."

சிரித்தார். "அது இல்ல அண்ணாச்சி. நம்ம காடி வெடிமருந்து செய்யத்தான் கப்பலேறுது. சண்டை நின்னா என் அடுப்பும் நின்னுரும், பிள்ளையளு பட்டினி கெடக்கும். நிக்கவேண்டாம்னு கர்த்தர்கிட்ட கேக்க முடியுமா?"

ஜெபம் முடியும்வரை நானும் அவரோடு வெளியே நின்றேன்.

யுத்தம் ஓய்ந்து கோவில் மணி அடித்த நாளில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு அவர் பிள்ளைகளுக்காகத்தான் ஜெபிக்க வந்தது.