மதுரையை நடுவில் வைத்த உலகப்படம்

என் அம்மா மிஷன் பள்ளியில் புவியியல் டீச்சர். வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு அரை மதிப்பெண் குறைப்பாள். பெற்ற பிள்ளைக்கும் அதே சட்டம்தான். மூன்றாம் வகுப்பில் நான் வரைந்த எங்கள் தெருவுக்கும் அரை மதிப்பெண் போனது.

அந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்குக் கண்காட்சி வைத்தார்கள். நம் கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பத்தார் எவ்வளவு தூரத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று உலகப்படத்தில் ஊசி குத்தி, மதுரையிலிருந்து சிவப்பு நூல் இழுத்துக் காட்ட வேண்டும். பொறுப்பு அம்மாவுக்கு. மண்டபச் சுவரில் மாட்டியிருக்கும் படமே போதும் என்று மணியடிக்கும் கோயில்பிள்ளை சொல்லிப் பார்த்தார். அம்மா ஒப்பவில்லை.

"அது கப்பல்காரங்களுக்குப் போட்ட படம்ணே. வடக்க போகப் போக ஊதிப் பெருசாயிரும். அதுல நூலை அளந்தா தூரம் தப்பா வரும். எதைக் காட்டப் போறோமோ அதுக்குத் தோதான படம் வேணும்ல?"

மூன்று நாள் சாயங்காலம் அட்லஸும் கவராயமுமாக உட்கார்ந்து, மதுரையை நடுப்புள்ளியாக வைத்து வட்டமாக ஓர் உலகம் வரைந்தாள். நடுவிலிருந்து எந்த ஊருக்கு ஸ்கேல் வைத்தாலும் தூரம் சரியாக வரும். மற்றபடி பார்க்கச் சகிக்காது. தென் அமெரிக்கா ஓரத்தில் நசுங்கி நீண்டு கிடந்தது. கோயில்பிள்ளைக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

"மதுர உலகத்துக்கே நடுவுலயா டீச்சர்?"

"நம்ம படத்துல அப்படித்தாண்ணே."

"பின்ன, வேற எந்த ஊரு இருக்கும்!" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

எனக்குத்தான் அந்தப் படம் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமாவின் துபாய் நூல் நாலு விரற்கடை. அவர் கிறிஸ்துமஸ் தவறாமல் வந்துவிடுவார். அப்பாவின் கனடா நூலோ வடதுருவத்தையும் தாண்டி ஒரு முழம் போனது. அப்பா வராமல் இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்திருந்தன. கோளாறு நூலில்தான் இருக்கிறது என்று எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

அம்மா கையில் ஒட்டிய பசையைக் கழுவக் குழாயடிக்குப் போன நேரம், நாற்காலியில் ஏறி, கனடா ஊசியைப் பிடுங்கி, துபாயில் மாமாவுக்குப் பக்கத்தில் குத்தினேன். மிச்ச நூல் கீழே தொங்கியது. அதை என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தொங்கிய நூலை மட்டும் நறுக்கினாள்.

திருவிழா அன்று கோயில்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன டீச்சர், சார் துபாய்க்கு மாறிட்டாகளா?"

"ஆமாண்ணே. கிட்டக்க வந்துட்டாக."

அரை மதிப்பெண்ணுக்கே இரங்காத அம்மா எனக்காகப் பொய் சொன்னது பெருமையாக இருந்தது. அந்த டிசம்பர் முழுக்க வாசல் கேட் சத்தம் கேட்டபோதெல்லாம் ஓடினேன்.

இனி வரப்போவதில்லை என்று அப்பா பேசிய போன், அம்மா அந்த வட்டத்தை வரையத் தொடங்கும் முன்பே வந்திருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியிருந்தும் அந்த ஒரு முழத்தைப் பிசகாமல் அளந்து ஊசி குத்தியவள், நான் பிடுங்கிய பிறகு அதைத் திருப்பிக் குத்தவில்லை. எனக்காகத்தான் விட்டுவிட்டாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.