பனி மாறிச்சு

எங்கள் பக்கம் காய்ச்சலுக்குப் பனி என்று பெயர். அது குணமாகாது, மாறும். காய்ச்சல் விட்டால் பாறசாலையில் யாரைக் கேட்டாலும் "பனி மாறிச்சு" என்றுதான் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரருக்கு முதல் தடவை டைபாய்டு வந்தபோது, காய்ச்சல் விட்ட மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். "மாறிச்சுல்லா, இனி எதுக்காக்கும்?" மிச்சத்தைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். அதற்கப்புறம் உடம்பு வலித்தால் இரண்டு, தொண்டை கரகரத்தால் ஒன்று. டப்பா காலியானதும் இங்கே மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். கேட்காத கடை ஒன்று மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பைக்கில் போய் வாங்கிவந்தார், என்னமோ சாதித்த முகத்தோடு. சொன்னால் கேட்கிற ஆளா?

இந்த மழை முடிந்ததும் மறுபடி காய்ச்சல். டப்பா மாத்திரையை விழுங்கிக்கொண்டே கிடந்தார். வயிறு உப்பி, பேச்சு குழறத் தொடங்கியதும் நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்க டாக்டரம்மா ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, முன்னால் ஏதாவது மருந்து தின்றாரா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல," என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

சாகக் கிடக்கும்போதும் பொய். பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

ஊசி ஏற்றினார்கள். அது கேட்குமா என்று கல்ச்சர் வந்தால்தான் தெரியும். அதற்குள் குடலில் ஓட்டை விழுந்தால் ஆபரேஷன், அதையும் உடம்பு தாங்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. கோபமெல்லாம் எங்கே போனதோ, பயம் மட்டும்தான் மிச்சம்.

கல்ச்சர் வந்தது. டப்பா மாத்திரை கேட்காது, அந்த வகையில் எதுவும் கேட்காது. இந்த ஊசி கேட்கும், ஆனால் கடைசிவரை போட வேண்டும்.

"இவரு தின்னு மட்டும் வந்ததில்ல," என்றார் டாக்டரம்மா, இவர் காதுபடவே. "எல்லாரும் பாதிப் பாதியாத் தின்னு தின்னு, கிருமி மாறிப்போச்சு."

'மாறி' என்ற அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது.

ஒரு நாள் காலையில் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சிரித்தாள். "பனி மாறி, சேச்சி," என்றாள் மலையாளத்தில்.

இவர் உடனே தலையைத் தூக்கினார். "மாறிச்சுல்லா? அப்பம் வீட்டுக்குப் போலாம்."

"கிருமி மாறிச்சா, போச்சா?" என்று கேட்டேன்.

தூக்கிய தலையை மறுபடி தலையணையில் சாய்த்தார். பிறகு நர்ஸிடம் கையை நீட்டினார்.

"ஊசியப் போடு மக்கா."