கெம்பம்மா கேட்ட சாக்கு

ஒருவர் தொண்டை கிழியக் கத்தி ஒரு பொருளைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? கொடுப்பீர்கள். இன்னும் பலமாகக் கத்தினால்? இன்னும் நிறையக் கொடுப்பீர்கள். நாங்களும் அதைத்தானே செய்தோம்?

பாகலூரைத் தாண்டி, மைசூர் எல்லைக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. அதன் வாய்க்கால்களைச் செப்பனிடும் வேலை சமீபத்தில் நடந்தது. ஓசூரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பையில் மாற்று வேட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. வாய்க்கால் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மத்தியானம் களி உண்டு என்றார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறென்ன வேண்டும்? போனேன். மண் சுமந்தேன். லெவல் பார்க்கிற நாளில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

முதலில் என்னைக் குழப்பியது தரைதான். வாய்க்காலை ஒட்டிப் பயிர் செய்கிற கெம்பம்மாவின் வயல் பள்ளத்தில் இருப்பதாக என் கண் சொன்னது. மேட்டில் இருப்பதாக ஓவர்சீயரின் கருவி சொன்னது.

"நம்பிக்கை இல்லேன்னா நீயே பாருய்யா" என்றார் ஓவர்சீயர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் மரம், வரப்பு, வரப்பில் நின்ற கெம்பம்மா - எல்லாம் தலைகீழ்!

"இத வெச்சா சார் மேடு பள்ளம் கண்டுபிடிக்கிறீங்க?"

"அது அப்படித்தான்யா காட்டும். நாமதான் நேராக்கிப் புரிஞ்சுக்கணும்."

புரிந்துகொண்டேன் என்று தலையாட்டினேன். புரியவில்லை.

அடுத்துக் குழப்பியது பாஷை. அங்கே ஒரே ஆள் கன்னடத்தில் மாட்டை அதட்டி, தெலுங்கில் சந்தை விலை பேசி, தமிழில் நம்மிடம் தீப்பெட்டி கேட்கிறார். மூன்றும் ஒரே மூச்சில்! எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

கெம்பம்மா வீட்டில் கன்னடம். எங்களோடு தமிழ். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, நிலத்தைத் தனியாகப் பார்க்கிறார். பிளாக் ஆபீஸுக்கு நடையாய் நடந்து புது ரக நெல் விதை வாங்கியிருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத விதை. ஊறப்போட்டு, முளை கட்டி, நாற்றங்காலில் விதைத்தாயிற்று. தண்ணீர்தான் ஏறவில்லை.

ஓவர்சீயர் வழி சொன்னார். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு கிளையை மணல் நிரப்பிய சாக்கு மூட்டைகளால் அடைத்தால், தண்ணீர் உயர்ந்து மற்றக் கிளை வழியாக நாற்றங்காலுக்குப் போகும். சுலபம்.

"நனைஞ்சா போதும் சார். முழுகக் கூடாது. வெதை மெதந்து போயிடும்" என்றார் கெம்பம்மா.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ போய் வயல்ல நில்லும்மா. பத்தலேன்னா ஒரு குரல் குடு."

அன்று பக்கத்தூர் பேரிகையில் சந்தை நாள். உள்ளூர் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. வாய்க்காலில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப்போல் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். மூட்டைகளை அடுக்கினோம். தண்ணீர் தயங்கி நின்று, பிறகு கெம்பம்மா பக்கம் திரும்பியது. ஆகா... பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

சற்று நேரத்தில் தூரத்திலிருந்து குரல் வந்தது.

"சாக்கு! சாக்கு!"

"பத்தலையாம். இன்னும் ரெண்டு சாக்கு போடுங்கய்யா" என்றார் ஓவர்சீயர். போட்டோம்.

"சாக்கு! அய்யோ, சாக்கு!"

போட்டோம். நடுவில் "பேடா, பேடா" என்றும் கேட்டது.

"பேடாவும் வேணுமாம்யா" என்று ஓவர்சீயர் சிரித்தார். "மொதல்ல சாக்கப் போடுங்க, அப்புறம் மிட்டாய்க் கடைக்குப் போலாம்."

குரல் அழுகையாக மாறியது. அவசரம் போலிருக்கிறது என்று கையிலிருந்த மூட்டைகள் எல்லாவற்றையும் போட்டுக் காலால் மிதித்து இறுக்கினோம். இவ்வளவு பொறுப்பாக நான் எங்கேயும் வேலை செய்ததில்லை!

கெம்பம்மா ஓடிவந்தார். இடுப்புவரை சேறு.

"சாக்கு சாக்குன்னு கத்தறேன், காதுல விழல?"

"விழுந்துதேம்மா! அதான் அத்தனையும் போட்டிருக்கோமே!"

கெம்பம்மா மூட்டைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"போதும்னு சொன்னேன் சார்! எங்க பாசையில சாக்குன்னா போதும்! பேடான்னா வேணாம்!"

ஓவர்சீயரின் முகத்தில் ஈயாடவில்லை. "தமிழ்ல சொல்லியிருக்கலாமில்லம்மா? எங்களுக்கு எப்படித் தெரியும்..."

"வெதை போறப்ப எந்தப் பாசை வாயில வரும்னு யோசிச்சிட்டா நிப்பாங்க? போட்டதும் சாக்கு, இப்ப சொல்றதும் சாக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். நாற்றங்கால் குளமாக நின்றது. கீழ்ப்பக்கத்து வரப்பு உடைந்து, முளைவிட்ட விதை முக்கால்வாசி போயிருந்தது. ஓவர்சீயர் அன்றே சைக்கிளில் பிளாக் ஆபீஸுக்குப் போய்க் கேட்டார். விதை தீர்ந்துவிட்டதாம்.

சில வாரம் கழித்து, கீழ்வயலில் ஒரு மூலை மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. உழுது சேறாக்கிப் போட்டிருந்த அந்த வயல் வெங்கடப்பாவுடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிற பெரியவர். கெம்பம்மாவின் விதைதான் அடித்துக்கொண்டு போய் அங்கே ஒதுங்கி முளைத்திருந்தது.

நாற்றுப் பிடுங்கக் கூடையோடு போன கெம்பம்மாவை அவர் மறித்தார். உதவிக்கு ஓவர்சீயரும் நானும் கூடப் போயிருந்தோம்.

"என் சேத்துல மொளைச்சது எனக்குத்தானம்மா?"

"வெதை என்னுது மாமா."

"சேறு யாருது?"

"தண்ணி சர்க்காருது..." என்று ஓவர்சீயர் மெல்ல ஆரம்பித்தார். இருவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

விதையா, சேறா, தண்ணீரா? எது பெரிசு? எனக்குத் தலை சுற்றியது.

கெம்பம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். "சரி மாமா, சேறு உன்னுது. ஒரு பொட்டுகூட எடுத்துட்டுப் போக மாட்டேன்."

சொல்லிவிட்டு வயலில் இறங்கினார். ஒரு பிடி நாற்றைப் பறித்து, வயலில் நின்ற தண்ணீரிலேயே வேரை அலசு அலசு என்று அலசி, வெங்கடப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாத்துக்கோ. உன் சேறு இருக்குதா?"

வேர் நூல்போல் வெள்ளையாக இருந்தது. அடுத்த பிடி. அதையும் நீட்டினார். அதற்கடுத்ததையும்.

"இப்பிடி ஒவ்வொண்ணாக் காட்டினா பொழுது சாஞ்சிடும்மா."

"சாயட்டும். ஊரான் மண்ணு எனக்கு வேணாம்."

வெங்கடப்பா சிறிது நேரம் வரப்பில் நின்றார். உட்கார்ந்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். "வேரை அறுத்துத் தொலைக்கப் போற... இப்பிடிப் புடி. எனக்கும் ஒரு ரெண்டு முடி நாத்து வெச்சுட்டுப் போ. அந்தப் புது நெல்லு எப்பிடித்தான் வெளையுதுன்னு பாக்கணும்."

"இத மொதல்லயே கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா மாமா?"

அவர் தெலுங்கில் என்னவோ சொன்னார். கெம்பம்மா கன்னடத்தில் பதில் கொடுத்தார். இருவரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

நாற்று தப்பியதில் ஓவர்சீயருக்கு உயிர் வந்துவிட்டது. "நடவுக்குத் தண்ணி வேணுமில்லம்மா? நாளைக்குக் காலையில நாங்களே திருப்பி விட்டுடறோம்" என்றார்.

எனக்குக் கிருஷ்ணகிரியில் ஏதோ அவசர வேலை இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தது.