பவர் சப்ளை வெடித்த ஞாயிறு

கேம் விளையாடப் பாகங்கள் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவதற்கு அம்மா சம்மதித்ததற்குக் காரணம் ஒன்றுதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த பத்தொன்பது வயது மகனான என்னை, அந்த யுத்த நாட்களில் கொழும்பு வெள்ளவத்தைத் தெருக்களில் விட அவருக்குப் பயம். "ரோட்டிலை திரிஞ்சு பிடிபடுறதை விட வீட்டுக்குள்ளை கிடக்கட்டும்" என்று கட்டாரில் வேலை செய்த அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னார். அப்பா அந்த மாதம் கொஞ்சம் கூட்டி அனுப்பினார்.

அந்தக் காசுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் கடைகளே நிறைந்த கட்டிடம் ஒன்றில் இரண்டு மாதம் ஏறி இறங்கினேன். மதர்போர்டும் ப்ரொசசரும் வெளிநாடு போன ஒரு குடும்பம் விற்றுவிட்டுப் போனவை. மொனிட்டர் ஏதோ அலுவலகம் கழித்துவிட்டது. புதிதாக வாங்கியது கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைத்தான். அதற்குப் பிறகு பவர் சப்ளைக்கு மிஞ்சியது அற்பம். இருந்ததிலேயே மலிவானதைக் கேட்டேன். எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இது வாணாம் தம்பி. பாரமே இல்ல பாருங்க, உள்ளுக்கு ஒண்டும் இல்ல. இந்தக் கார்டுக்கு இது தாங்காது."

"பிறகு மாத்துறன் நானா."

அவர் அரைமனத்தோடு பில் போட்டுத் தந்தார்.

அப்போது மாமா எங்களோடு இருந்தார். அம்மாவின் தம்பி. மாமியும் மகளும் கனடாவில். விசா இன்டர்வியூவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு மாதமாகிறது. வடக்கிலிருந்து வந்து தங்கும் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். வீட்டுக்குள்ளும் அந்தச் சட்டையைக் கழற்றமாட்டார். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாததால் கடைத்தெருவுக்குக்கூடப் போவதில்லை. நான் கம்ப்யூட்டரைப் பூட்டியபோது பக்கத்தில் இருந்து திருகாணிகளை எடுத்து நீட்டினார். பிறகு கார் ஓட்டுகிற கேம் ஒன்றைப் பழகிக்கொண்டார். வளைவுக்கு வளைவு மதிலில் மோதிவிட்டு, தனியே சிரிப்பார்.

மூன்றாவது கிழமை, ஒரு ஞாயிறு மத்தியானம் மாமா ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து கருகல் மணம் வந்தது. நான் குனிவதற்குள் துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போய், பெட்டியின் பின்னாலிருந்து புகை வந்தது. சில நாட்களுக்கு முன்னர்தான் நகரத்தில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. கீழ்வீட்டில் ஒரு பெண் குழறிக் கத்தினாள். கால் மணி நேரத்தில் பொலிஸ் வந்துவிட்டது.

மூன்று பேர். மூத்தவர் பெட்டியைக் காட்டி, இதைச் செய்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் எனக்கு அதற்குப் போதும். "மம" என்றேன். சிங்களத்தில் 'நான்' என்று அர்த்தம். பயத்தில் என் குரல் இழுபட்டிருக்க வேண்டும். மாமா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓரடி முன்னுக்கு வந்து, நெஞ்சில் கையை வைத்து, பொலிஸைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது. அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. கருகிய பவர் சப்ளையைக் கழற்றிக் காட்டப் போனேன். "தொடாதே!" என்று ஒருவன் கத்தினான். ஒரு மணித்தியாலத்தில் அனுப்பிவிடுவோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமாவைக் கொண்டுபோனார்கள்.

இருபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். அம்மா தினமும் சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் நிலைய வாசலில் நின்றார். எட்டாம் நாள், ஆளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. நான் நானாவின் கடைக்குப் போனேன். அவர் எதையும் சொல்லிக்காட்டாமல், இது தன் கடையில் விற்ற பவர் சப்ளை, சூடேறி வெடித்தது என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அம்மா அமர்த்திய சட்டத்தரணி அந்தக் கடிதத்தோடு அலைந்தார். பதினாறாம் நாள் மாமாவின் இன்டர்வியூ நாள் வந்து போனது.

விட்ட அன்று ஓட்டோவில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வழியில் என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"தம்பி, நீ என்னைக் காட்டினது சரிதான். உன்னைக் கொண்டுபோயிருந்தால் அக்கா தாங்கமாட்டா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: என் 'மம' அவர் காதில் 'மாமா' என்று விழுந்திருந்தது.

"நான் உங்களைக் காட்டேல்லை மாமா. 'மம' எண்டால் சிங்களத்திலை 'நான்'. என்னைத்தான் சொன்னனான்."

"சரி, சரி. விடு."

"உண்மையா மாமா! வேணுமெண்டால் ஓட்டோக்காரரைக் கேளுங்கோ."

"அதுதான் விடு எண்டுறன். எனக்கு உன்னிலை ஒரு கோவமும் இல்லை."

பொய் சொல்லும் பிள்ளையைத் தேற்றுவது போல என் முழங்காலில் தட்டினார். அவருக்கு இடது காது கேட்காமல் போயிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

வீட்டுக்காரர் வீட்டை விட்டுப் போக ஒரு மாதத் தவணை தந்தார். கொழும்புக்கு வெளியே ஹெந்தளையில், வேறொருவர் வீட்டோடு ஒட்டிய ஒரு அனெக்ஸுக்கு மாறினோம். கிராபிக்ஸ் கார்ட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நான் திரும்ப எதையும் பூட்டவில்லை. எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றேன். மாமாவுக்கு அடுத்த இன்டர்வியூ கிடைக்க ஒன்றரை வருடம் பிடித்தது. அதுவரை ஹெந்தளையிலும் அவர் வாசலைத் தாண்டவில்லை.

கனடா போய்ச் சேர்ந்த பிறகு அவர் இந்தக் கதையை மாமியிடம் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மாமி இன்றைக்கும் அங்கிருந்து தொலைபேசியில் அழைப்பார். நான் எடுத்தால், சுகமா என்றுகூடக் கேட்கமாட்டார். "அம்மாட்டைக் குடு" என்பார்.